இஸ்திரி போட்ட மாவும் உன் அம்மாவின் பிஸ்கட்டும்

என் அன்பு மருமகள் சுண்டெலிக்கு, உன் எடைமேடை மாமா எழுதிக்கொள்வது.

நான் அன்றைக்கே சொன்னேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று வாசலில் நின்றபடி சொன்னேன், இவள் அங்கே போய் என்ன செய்யப்போகிறாளோ அதையே இவள் அம்மா ஒருநாள் இங்கே செய்வாள், செய்து கையைச் சுட்டுக்கொள்வாள், பல் டாக்டர் வந்து சிரிப்பார் என்று. பல் டாக்டர் என்பதுவரை சொன்னேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அப்போது அங்கே ஒருத்தரும் இல்லை என்பது வேறு விஷயம். நிற்க. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய தையல் மிஷின் மூவரும் சுகம், மிஷினுக்கு மட்டும் எண்ணெய் போடவேண்டும். உன் சுகத்தை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பிஸ்கட் தட்டோடு நிற்கும் போட்டோ அனுப்பினாயே, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன், பிள்ளை இரண்டு கிலோ கூடியிருக்கிறாள், இடதுகால் செருப்பு சரியில்லை என்று. லாரி மேடையில் ஏறும்போதே டயர் நசுங்குவதைப் பார்த்து எடை சொல்கிறவன் நான், மிஷின் அதற்குப் பிறகுதான் என்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. எட்டாவதோடு நிறுத்திய படிப்புக்கே இவ்வளவு, மேலே படித்திருந்தால் நாடு தாங்கியிருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா தன் வாயால் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த லீவுக்கு டிக்கெட் எடுப்பேன், சொல்லாவிட்டால் இங்கேயே அறையில் படுத்துத் தூங்குவேன் என்று எழுதியிருந்தாய். நன்றாக இருக்கிறது நியாயம். நீ ஒரு வீம்பு, அவள் ஒரு வீம்பு, நடுவில் நான் ஒரு தபால்பெட்டி. கணக்குப் படித்த பெண் ஆபீஸ் நாற்காலியை விட்டுவிட்டுப் பேக்கரியில் வேலை பார்க்கப் போகிறாளே என்ற ஆத்திரத்தில் அவள், மாவு பிசையவா உன்னைப் படிக்க வெச்சேன் என்று கேட்டாள். கேட்டது தப்புத்தான். அதற்கு நீ, நீ மட்டும் என்ன, ஊரார் இடுப்பை அளந்துதானே பிழைக்கிறே என்றாய். அதுவும் ஒன்றும் பூமாலை இல்லை. அன்றிலிருந்து அவள் வாயில் உன் பெயர் வருவதில்லை. என் பொண்ணு என்றும் வருவதில்லை. எது கேட்டாலும் உன் மருமக, உன் மருமக என்று என் தலையிலேயே கட்டிவிடுகிறாள், நான்தான் உன்னைப் பெற்றவன் மாதிரி. உன் மருமக போன் பண்ணினாளா, உன் மருமகளுக்கு அங்க குளிராமே, இப்படி. நீ போன் செய்யும்போதெல்லாம் மிஷின் சத்தம் கேட்கிறதே, அம்மாவுக்கு அவ்வளவு வேலையா என்று ஒருமுறை கேட்டாய். வேலையாவது மண்ணாவது. ஊசியில் நூல் இருக்காது, அடியில் துணி இருக்காது, வெறும் மிஷினை மிதித்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பாள். கேட்காத மாதிரி கேட்கிறாளாம். இந்த நடிப்புக்கு ஒரு பரிசு கொடுத்தால் அதை வாங்கவும் கேட்காத மாதிரிதான் போவாள்.

அந்த வெறும் மிஷின்தான் எல்லா வினைக்கும் காரணம். அந்தப் பிரெஞ்சு பிஸ்கட்டை எப்படிச் செய்வது என்று நீ எனக்குப் போனில் விளக்கினாய் அல்லவா, கடையில் விற்கும் பஃப் மாவுத் தாளை வாங்கு, சர்க்கரை தூவு, இரண்டு பக்கமும் நடுவுக்குச் சுருட்டு, துண்டு போடு, ஓவனில் வை என்று, அதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. மீதிப் பாதி மிஷின் கடகடப்பில் போயிற்று. மறுநாள் பார்த்தால் உறைந்த சாமான் விற்கிற கடைக்காரரிடம் போய் மாவுத் தாள் வாங்கி வந்து நிற்கிறாள். சுண்டெலி, நீ சிரிக்காமல் படி. ரெடிமேட் சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் தெருவில் போனால் அவன் தோள்பட்டைத் தையலைப் பார்த்துக் காறித் துப்புகிறவள் உன் அம்மா. ரெடிமேட் என்றாலே பொணத்துக்குப் போடுற துணி என்பாள். அவள் ரெடிமேட் மாவு வாங்குகிறாள். எதுக்கு அக்கா இது என்று கேட்டேன். கடைக்கு அளவு குடுக்க வர்றவங்களுக்கு டீயோட வைக்கத்தான், உனக்கு என்ன வந்துச்சு என்றாள். வருகிறவர்களுக்குத் தண்ணீர்கூட இரண்டு முறை கேட்டால்தான் கிடைக்கும் அந்தக் கடையில். அதைச் சொல்லியிருந்தால் அடிக்கோல் பறந்திருக்கும்.

தாள் மடித்து உறைந்து இருந்தது. சீக்கிரம் இளகட்டும் என்று வெயில் விழும் ஜன்னலில் வைக்கச் சொன்னேன். நீ அதை ஃபிரிட்ஜில் வைத்து மெதுவாக இளக்கச் சொன்னதாகப் பிறகு சொல்கிறாய், அப்படி நீ சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை, சொல்லியிருந்தாலும் நான் அதைத் திருத்தியிருப்பேன். எனக்கு இந்த வித்தை புதிதா? ஒரு முறை பிரெஞ்சுக்காரர் ஒருவர் வெண்ணெய் லாரியோடு நம் எடைமேடைக்கு வந்தார், எடையை நான் வாயால் சொன்னதும் அசந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் ரகசியம் முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். எந்த மொழியில் சொன்னார் என்று கேட்காதே, தொழில் தெரிந்தவர்களுக்குள் மொழி எதற்கு? அது போகட்டும். தாள் இளகியது, அம்மா விரித்தாள், விரித்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. மாவில் மடிப்புக் கோடு இருக்கிறதாம். நாப்பது வருசமா இந்தக் கையால மடிப்புக் கலையாம ஒரு துணி வெளிய போனதில்ல என்றாள். போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்துவிட்டாள். விளையாட்டில்லை, என் கண் முன்னால் நடந்தது. மாவுத் தாளின் மேல் ஒரு பருத்தித் துணியைப் போட்டாள், சூட்டைக் குறைத்து வைத்தாள், ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்தித் தேய்த்தாள். அந்த மாவின் உயிரே ஏடு ஏடுக்கு நடுவில் இருக்கும் வெண்ணெய்தானே, அது உருகித் துணி வழியாக மேலே ஏறி இஸ்திரிப் பெட்டியை வயிறு நிறையக் குளிப்பாட்டிவிட்டது. மடிப்பு போயிற்று, உண்மைதான். மாவும் போயிற்று. மிச்சத்தைச் சுருட்டி, அவள் கத்தரிக்கோலாலேயே வெட்டி, ஓவனில் வைத்து எடுத்தால் தட்டு நிறையப் பித்தான்கள். கோட்டுக்குத் தைக்கிற பெரிய பித்தான், அவ்வளவு கெட்டி, அவ்வளவு பளபளப்பு. நடுவில் ஓட்டைதான் பாக்கி.

குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதை அதற்குப் பிறகுதான். அதே இஸ்திரிப் பெட்டியை, துடைத்தேன் என்று நினைத்துக்கொண்டு, பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டு மேல் வைத்திருக்கிறாள். முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே மஞ்சளாக, மூக்கு மேலே பார்த்தபடி. கோட்டை வாங்க வந்த மனிதர் அதைப் பார்க்கும் முன்னால் வாயை அடைக்கவேண்டுமே என்று நான்தான் சமயோசிதமாக ஒரு பிஸ்கட்டை நீட்டினேன். அவர் கடித்தார், கண்ணை மூடினார், தாடையைத் தடவிப் பார்த்தார். அம்மா, இதை நிறைய பண்ணி ஊர் முழுக்கக் குடுங்க, நான் ரெண்டு நாற்காலி கூடப் போட்டுக்கறேன் என்றார். உன் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓவன் சரியில்ல டாக்டர் என்றாள். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல். ஓவன் நான் வாங்கிக் கொடுத்தது, அதன் மேல் பழி வந்தால் நான் சும்மா இருப்பேனா? மாவுக்கு இஸ்திரி போட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான் அக்கா என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவரும் அப்போதுதான் கோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தாயா, உன்னைப் பெற்றவளாயிற்றே. மறுபடி ஒரு தாள் வாங்கினாள். இந்த முறை இஸ்திரி இல்லை, ஆனால் கத்தரிக்கோல் இருந்தது. வேகும்போது வெட்டிய இடத்தில் ஏடு பிரியவே இல்லை, விளிம்பெல்லாம் உதட்டை மூடிக்கொண்டு இருந்தது, கோபித்துக்கொண்ட உன் அம்மா மாதிரியே. அவள் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே சொன்னாள், பத்துத் துணியை ஒண்ணா அடுக்கிக் கத்தரிக்கோல் போட்டா ஓரம் நசுங்கும், அடுக்கு வெட்டுக்குக் கத்திதானே எடுப்போம், இது தெரியாம போச்சே என்று. நான் அதைத்தான் முதலிலேயே சொல்ல இருந்தேன். சொல்ல இடம் கொடுத்தால்தானே. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, உன் மருமககிட்ட இன்னொரு தரம் கேட்டுச் சொல்லு, இந்த முறை முழுசாக் கேளு, நடுவுல நீ பேசாதே என்றாள். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்தேன். ஏன் மாமா இன்றைக்கு மிஷின் சத்தமே கேட்கவில்லை என்று நீ கேட்டாய், கரண்ட் இல்லை என்று சொன்னேன். காலால் மிதிக்கிற மிஷினுக்குக் கரண்ட் எதற்கு என்று உனக்குத் தோன்றவேயில்லை. படித்த பெண்! அவள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, நீ பேசி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது தாள் ஃபிரிட்ஜில் இளகியது. பலகையில் மாவுக்குப் பதில் சர்க்கரையைத் தூவி அதன் மேல் விரித்தாள், மேலேயும் தூவினாள், இஞ்சு டேப்பு வைத்து நடு எது என்று பார்த்துச் சாக்பீஸால் கோடு போடப் போனாள், நான் கத்தினேன், நிறுத்தினாள். இரண்டு பக்கமும் சுருட்டி நடுவில் கொண்டுவந்து சேர்த்து மறுபடி குளிரில் வைத்து, கத்தியைச் செங்குத்தாக இறக்கி விரல் பருமனுக்குத் துண்டு போட்டாள். அடுக்கும்போது நெருக்கி அடுக்கினாள், துணி மிச்சம் பிடிக்கிற புத்தி. தையலுக்கு விடுற மாதிரி இடம் விடு அக்கா, அது உப்பும் என்றேன், அந்த வார்த்தை மட்டும் அவளுக்குப் புரிந்தது. அடுத்து நான் ஓவன் கதவை அவ்வப்போது திறந்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு போகுதுடா தடியா என்று முழங்கையில் அடிக்கோலால் ஒன்று வைத்தாள். அந்த நேரத்தில் உள்ளே போன காற்றுதான் மொறுமொறுப்புக்குக் காரணம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அடி பழுப்பானதும் திருப்பிப் போட்டாள். வெளியே எடுத்தபோது, சுண்டெலி, ஒவ்வொன்றும் இரண்டு காது சேர்த்து ஒட்டிய மாதிரி, ஏடு ஏடாக விரிந்து, சர்க்கரை கண்ணாடியாக உருகி உறைந்து. எனக்கு அந்த வடிவத்தைக் கண்டால் ஆகாது, திங்கிற பொருளுக்குக் காது எதற்கு? இவ்வளவு பாடுபட்டு ஒரு கடியில் தூளாகிப் போகிறதற்குப் பெயர் பிரெஞ்சு பிஸ்கட்டாம். நான் எட்டுதான் தின்றேன். உன் அம்மா ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து உடைத்தாள். சடக் என்றது. தூள் அவள் கழுத்தில் தொங்கிய டேப்பு மேலெல்லாம் விழுந்தது, தட்டிவிடவில்லை. கண்ணில் பொலபொலவென்று நீர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தம்பி, அவளை வரச் சொல்லுடா, நான் கூப்பிட்டேன்னு சொல்லு, என் வாயால கூப்பிட்டேன்னு எழுது என்றாள். எழுதிவிட்டேன். நீ கேட்ட வார்த்தை இதுதானே? இனி டிக்கெட் உன் பொறுப்பு.

வரும்போது அங்கத்துச் சாமான் ஒன்றும் வேண்டாம், பேக்கரியில் கத்தி நல்லதாகக் கிடைத்தால் ஒன்று கொண்டுவா, அவள் என் சவரக் கத்தியைத்தான் எடுத்துக்கொண்டாள். இடதுகால் செருப்பை மாற்று. ஓவன் பக்கத்தில் நின்றுவிட்டு வேர்வையோடு வெளிக்குளிரில் போகாதே, நெஞ்சில் சளி கட்டும், அது கட்டும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு மாமா சொல்லவில்லை என்று சொல்லாதே. அங்கே உன் மேல் அதிகாரம் பண்ணுகிற அந்தத் தலைமைச் சமையல்காரரிடம் சொல், எங்கள் வீட்டில் மாவுக்கு இஸ்திரியே போடுவோம் என்று, பயந்துவிடுவார். கை சுடாமல், கண் கலங்காமல், நீ சுருட்டுவதெல்லாம் பூவாக விரிய, நூறு வயது நீ நன்றாக இருக்கவேண்டும். மறக்காமல் எந்த நாள் வண்டி என்று எழுது, நான் எடைமேடையில் ஆள் மாற்றிவிடவேண்டும்.

என்றும் உன் நலம் எண்ணும்,
எந்த எடையும் தப்பாத உன் மாமா.

பின்குறிப்பு: உறையில் போடும்முன் இன்னும் ஒன்று. நீ இதை நம்பி வந்து வாசலில் நின்று, கூப்பிட்டியாமே அம்மா என்று கேட்பாய். நான் எப்ப கூப்பிட்டேன் என்று அவள் என்னைப் பார்ப்பாள். இரண்டு பேரும் பழையபடி ஆரம்பித்துவிடுவீர்கள், பிரெஞ்சுக்காரர் வந்து சொன்னாலும் அடங்கமாட்டீர்கள். ஆகவே சொல்கிறேன். அந்த ஒரு இடம் மட்டும் நான் ஜோடித்தது. மற்றதெல்லாம், அந்தப் பிரெஞ்சுக்காரர் உட்பட, சத்தியம். கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை, கூப்பிடு என்று சொல்லவில்லை. சடக் என்று உடைத்தாள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் கருகியிருந்தது. எம் பொண்ணா இருந்தா இன்னும் முன்னாடியே திருப்பிப் போட்டிருப்பா என்றாள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடி, என் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு, மிஷினில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவள் பேசியது, ஒரு சொல் நான் கூட்டவில்லை. எடையை நீயே பார்த்துக்கொள்.