விழித்துக்கொண்ட பரம்பரையலகு

என் பாசத்துக்குரிய அக்காவுக்கு,

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு உன் மகள் மதுவும் நானும் இன்று பஸ்ஸில் திரும்பி வந்தோம். பகல் முழுக்கப் படுத்திருந்து இரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறவள், இன்று சோதனைக்கு ஒரு துளி இரத்தம் கொடுத்ததோடு வந்தாள். "இந்த மாசமும் இரத்தம் தேவையில்லை" என்றார் டொக்டர். இது மூன்றாவது மாதம், அக்கா!

உடுவில் தாண்டும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெளியே தோட்டங்கள் வெயிலில் மிதந்து போயின. எனக்கோ இரத்தம் ஊறுகிற அவளுடைய எலும்புக்குள்ளே போய் நிற்பது போல இருந்தது. கலத்துக்குக் கலம் ஒரே மரபுப் புத்தகம்தான்; கண்ணிலும் அதுதான், ஈரலிலும் அதுதான். எந்தப் பக்கத்தைப் படியெடுப்பது, எதை மூடிவைப்பது என்று சின்னஞ்சிறு புரதங்கள் வந்து அமர்வதும் எழும்பிப் போவதுமாக இருந்தன. சத்தமே இல்லை. நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

உன் வயிற்றுக்குள் இருந்தபோது அவளுடைய இரத்தத்துக்கு உழைத்தது வேறொரு பரம்பரையலகு, அந்தப் புத்தகத்தின் வேறொரு பக்கம். பிறந்த பிறகு அதை ஒரு புரதம் உறங்க வைத்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். அதன் வேலையை ஏற்க வேண்டிய மற்றப் பரம்பரையலகு இவளில் பழுதாக இருந்ததால் தலசீமியா, சொந்த இரத்தம் போதாத நோய். இப்போது விழுங்குகிற குளிசை அந்தப் பழைய உறக்கத்தைக் கொஞ்சம் கலைத்திருக்கிறது. எப்படி என்று முழுதாக எனக்கும் விளங்கவில்லை.

நீ இருந்தால் என்ன சொல்லுவாய் என்று தெரியும். "பாத்தியே, பிறகு தேவைப்படுமெண்டு ஆரோ ஒருத்தர் பத்திரமா எடுத்து வைச்சிருக்கிறார்." நான் விடுவேனா? "வயித்துக்குள்ளை தேவைப்பட்டது, அதாலை இருக்கு. கூர்ப்பு, பரிணாமம் எண்டுறதுக்கு முன்யோசனை கிடையாது" என்பேன். உயிரியல் ரியூசன் வாத்தியின் வாய் சும்மா கிடக்குமா? இன்றும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் எதிர்த்துக் கதைக்க நீ இல்லாமல் அதில் என்ன ருசி?

அவளுடைய வருத்தம் தலசீமியாதான் என்று டொக்டர் சொன்ன அன்று நான் சொன்னது வாதமே இல்லை. மதுவுக்கு அப்போது நாலு வயது. நீ சாமிப் படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாய். நான் சிவப்புப் பேனாவோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சரி, பிழை என்று இரண்டே அடையாளம் போட்டுப் பழகிய கை. "கடவுள்தான் வடிவமைச்சவர் எண்டால், இவள் அவர் விட்ட பிழையோ?" என்று கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த மாரிக் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

அன்று கதவடியில் அவளும் நின்றிருக்கிறாள், அக்கா. இன்றுதான் தெரியவந்தது. தூக்கம் கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்: "மாமா, இரத்தம் ஏத்தாட்டி நான் இனிப் பிழை இல்லையோ?"

இத்தனை வருடமாக அதைச் சுமந்திருக்கிறாள். "நீ ஒருநாளும் பிழை இல்லையம்மா. பிழை விட்டது மாமா" என்றேன். "அம்மாவுக்கு அது தெரியுமோ?" என்றாள். உனக்கு அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வடிவமைத்தவர் உண்டா இல்லையா என்ற வழக்கு அப்படியே கிடக்கட்டும். நாளைக்கே குளிசை கைவிடலாம், அவள் மறுபடி அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவும் நேரலாம். படுத்தால், பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவேன்: "உன்ரை அம்மா உன்னிலை ஒரு பிழையும் கண்டதில்லை." அவள் நம்பும்வரை சொல்லுவேன்.

உன்னிடம் கேட்காமல் விட்ட மன்னிப்போடு,
உன் தம்பி