காலுக்குத் தேய்த்த தைலம்

அக்கா,

நேற்றுப் புதுக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் முழங்காலுக்குத் தைலம் தேய்த்திருந்தாள். வாசம் மூக்கில் ஏறியதும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விட்டேன். திருமயத்திலேயே இறங்கிவிட்டேன். "புதுக்கோட்டைக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

ஒன்றரை வருஷமாக வலது கையைத் தூக்கி உன்னால் தலை சீவ முடியவில்லை. நான்தான் பின்னிவிட்டேன். தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுத் தைத்துவிடலாம் என்றார் டாக்டர். நீ பயந்தாய். "மூணு ஓட்டைதானேக்கா, காது குத்துற மாதிரி" என்று உன்னைத் தள்ளிக்கொண்டு போனவளும் நான்தான். நல்லபடியாகத்தான் முடிந்தது. கழுத்தில் மாட்டிய பட்டைக்குள் கையைப் போட்டுக்கொண்டு, "வேலை ஏவ ஒன்னய விட்டா ஆளேதுடி" என்று சிரித்தாய்.

எட்டாம் நாள் காலை உன் இடது கெண்டைக்கால் வீங்கிக் கெட்டியாக இருந்தது. "படுத்தே கெடந்ததுல வந்துருக்கும். அங்கிட்டு இருக்க தைலத்த எடுத்து நல்லா அமுக்கித் தேய்டி" என்றாய். தோளுக்குத்தானே வைத்தியம், காலுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் சூடு பண்ணி அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். "ஒன் கை பட்டதும் சொகமா இருக்குடி" என்று எழுந்து வாசல் வரை நடந்தாய். மூச்சு வாங்குது என்று சுவரைப் பிடித்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நீ இல்லை.

காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டதாம். இந்த ஆபரேஷனில் இப்படி ஆவது ரொம்ப அபூர்வமாம். யாருக்கு வேண்டும் அந்த அபூர்வம்? "கால் வீங்கியிருந்துச்சா? தேய்ச்சு கீய்ச்சு விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். உள்ளங்கையில் தைலம் இன்னும் காயவில்லை. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, "இல்லைங்க" என்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர்கள் கொடுத்த தாளை உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் படித்தேன். கால் வீங்கினால் தேய்க்காமல் உடனே வரவும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

தேய்க்காமல் கூட்டிப்போயிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? அதை அந்த டாக்டரிடம் கேட்க வேண்டுமானால், முதலில் நான் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். நேற்று அதற்குத்தான் கிளம்பினேன். திருமயத்தில் நின்று, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன். இது மூன்றாம் தடவை.

சொகமா இருக்குடி என்றாயே அக்கா, அதை மட்டுமாவது நீ சொல்லாமல் போயிருக்கலாம்.