கையெழுத்தில்லாமல் விற்ற வீடு

அக்கா,

இன்று காலை காணிப் பதிவுக் கந்தோரிலிருந்து இந்த வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி வந்தது. என் மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதப்போகிறோம். அதற்காக, உறுதி எழுதும் நொத்தாரிசு எடுப்பித்தார். உறையைப் பிரித்ததும் மையும் அரக்கும் கலந்த ஒரு வாசம் எழுந்தது. முதல் பக்கத்திலேயே உங்கள் பெயர். அதற்குப் பக்கத்தில், ‘புருஷன் இருக்குமிடம் அறியப்படாதவராகிய’ என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் வாசிக்க என்னால் முடியவில்லை. நீங்கள் காலமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை.

வீடு வாங்குவது என்றால் விலை பேசி, கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு குடிபோவதுதான் என்று நாம் இருவரும் நினைத்திருந்தோம். அடுத்த வளவு வீட்டில் வாடகைக்கு இருந்தவள் நான். இலுப்பைக்கடவையில் உங்கள் தம்பியின் மனைவி இறந்துபோக, தாயில்லாத அந்தப் பிள்ளைகளைப் பார்க்க நீங்கள் போகவேண்டி வந்தது. “வேற ஆருக்கும் குடுக்க மனமில்லை, நீயே எடு தங்கச்சி” என்றீர்கள். கட்டுக்கரையில் என் பங்குக்கு இருந்த வயலை விற்றுவிட்டு, மன்னார்ப் பட்டினத்து நொத்தாரிசு வீட்டுக்கு உங்களோடு வந்தேன். வழியெல்லாம் கழுதைகள் மறித்துக்கொண்டு நின்றன. நீங்கள் சிரித்துக்கொண்டே குடையால் விரட்டினீர்கள்.

நொத்தாரிசு கேட்கத் தொடங்கினார். வீடு சீதனமா, பரம்பரையாக வந்த முதுசமா? கடனுக்கு ஈடு ஏதும் இருக்கிறதா? கிணற்றில் எத்தனை பேருக்குப் பங்கு? பின்வளவுக்காரருக்கு இதற்குள்ளால் வழி உண்டா? உடன்பிறந்தவர்களுக்கு வேண்டுமா என்று முதலில் கேட்டீர்களா? ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். கடைசியில் அவர் பேனையை வைத்துவிட்டு, “உங்கட புருஷன் எங்க?” என்றார்.

“அக்கரைக்குப் போனவர். பிறகு ரங்கூனுக்குப் போனதாக் கேள்வி. எட்டு வருஷமாக் கடிதமில்லை.”

“சீதன வீடு உங்கடதான் அம்மா. ஆனா அவற்ற கையெழுத்து இல்லாம நீங்கள் விக்கேலாது. தேசவழமைச் சட்டம் அப்பிடி. அவர் செத்திருந்தா மரணப் பத்திரம் கொண்டு வாங்கோ. உயிரோட இருந்தா ஆளைக் கொண்டு வாங்கோ. ரண்டும் இல்லையெண்டா, நீதவான் முன்னால போகவேணும், அவருக்குப் பதிலாக் கோடு சம்மதம் தரவேணும்.”

வெளியே வந்தோம். தாலிக்கொடியைச் சேலைக்குள் தள்ளித் தள்ளி விட்டீர்கள். எனக்கோ விற்ற வயலின் நினைப்பு. நான்தான் உங்களை வற்புறுத்திக் கோட்டுக்குக் கூட்டிப்போனேன்.

வெள்ளைக்கார நீதவான் ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்கும் முதலியார் தமிழில் சொன்னார்.

“உம்முடைய புருஷன் உயிரோடு இருக்கிறாரா?”

“தெரியாது ஐயா.”

“இறந்துபோனார் என்று நம்புகிறீரா?”

“அப்பிடி என்னால சொல்லேலாது ஐயா.”

“அப்படியானால் உம்மைக் கைவிட்டுவிட்டாரா?”

“போனவர் ஐயா. கைவிட்டவரோ எண்டு அவரைத்தான் கேக்கவேணும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. ஏதோ எழுதினார். அனுமதி கிடைத்தது. கோட்டுப் படியில் நின்று என்னைக் கேட்டீர்கள்: “அவற்ற இடத்தில நிண்டு கோடு சம்மதம் குடுத்திட்டுது. அப்ப நான் இனி ஆர், தங்கச்சி?” வீடு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், அந்தக் கேள்வி முழுதாக என் காதில் விழவில்லை.

அக்கா, இனி எழுதப்போவதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

நீங்கள் இலுப்பைக்கடவைக்குப் போன மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் அவர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் ஒரு துணிப்பை. வாசல் படலையடியில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைச் சொல்லி, “இருக்கிறாவோ?” என்று கேட்டார். ஆளை எனக்கு விளங்கிவிட்டது.

“அவ வீட்டை வித்துப்போட்டுப் போயிட்டா. நாங்கள்தான் வாங்கினது” என்றேன்.

“என்ர கையெழுத்து இல்லாம எப்பிடி வித்தவ?”

அதை அவர் எந்த மனதோடு கேட்டார்? வழக்குக்கு வந்தவரின் கேள்வியா, தன்னை ஒருவரும் தேடவில்லையே என்ற துக்கமா? அந்தக் குரலை எத்தனையோ தடவை மனதுக்குள் திருப்பிக் கேட்டுவிட்டேன். இன்னும் விளங்கவில்லை. வயலும் போய் வீடும் போனால் பிள்ளைகளோடு எங்கே போவேன்?

“எங்க இருக்கிறா எண்டாவது சொல்லுங்கோ தங்கச்சி.”

“தெரியாது” என்றேன்.

ஒரு செம்பு தண்ணீர் கேட்டு, நின்றபடியே குடித்தார். செம்பைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் நொத்தாரிசிடம் ஓடினேன். “கோடு குடுத்த சம்மதம் சம்மதம்தான் பிள்ளை. அவர் நூறு தரம் வந்தாலும் வீடு உம்மட. நீர் ஏன் பயந்தனீர்?” என்றார். உடனே என் வீட்டுக்காரரைத் தலைமன்னார் இறங்குதுறைக்கு அனுப்பினேன். அப்படியொரு ஆள் காலைக் கப்பலில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்காகத்தான் பொய் சொன்னேனா? உங்களைத் தவிக்கவிட்டுப் போனவர்மேல் இருந்த கோபம் அப்படிச் சொல்ல வைத்ததா? கோபம்தான் என்று சில நாள் தோன்றும். அப்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். மற்ற நாட்களில் அதையும் நம்பமுடிவதில்லை. எப்படியும் அடுத்த முறை உங்களைக் காணும்போது சொல்லிவிடுவது என்று இருந்தேன். இலுப்பைக்கடவைக்கு எத்தனை தரம் வந்தேன், அக்கா! ஒவ்வொரு தரமும் நெல்லைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினேன்.

கடைசியாக வந்தபோது நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். தம்பியின் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள்.

“இப்ப எனக்கு அவரில கோவமில்லை. எப்பவாவது அந்த வீட்டுக்கு வந்தா, நான் இஞ்ச இருக்கிறன் எண்டு சொல்லுவியோ?”

சொல்வதற்கு அதைவிட நல்ல வேளை எனக்குக் கிடைத்திருக்காது. வாய்வரை வந்தது. உங்கள் கண்ணைப் பார்த்தேன்.

“ஓம் அக்கா” என்றேன்.

நீங்கள் நிம்மதியாகக் கண்ணை மூடினீர்கள். ஐந்தாம் நாள் செய்தி வந்தது.

அந்த நிம்மதியைக் கொடுத்தது நல்லதா, பறித்திருக்கவேண்டுமா, எனக்குத் தெரியவில்லை. கப்பல் வரும் நாட்களில் மத்தியானம் நான் படுப்பதில்லை. படலை அசைந்தால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். அவர் வந்தால் உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, இத்தனை வருஷமும் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லவேண்டும்.