பக்கத்துப் புஞ்சையில் சோளம்

புரட்டாசி 6, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உழவு முடிந்தது. டிராக்டர்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தது இந்த வருஷத்து அதிசயம். மழைக்கு முன்னால் புழுதியிலேயே விதைத்துவிட வேண்டும். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். எதை என்றுதான் தெரியவில்லை.

உளுந்து: போன வருஷம் நல்ல விலை என்று ஊரே போட்டது. மூட்டை பிடித்த அன்று விலை பாதி.
பருத்தி: தையில் ஊர் அறுத்து முடித்து ஆடு விட்டுவிடும். பருத்தி பங்குனி வரை நிற்கும். ஒற்றை ஆளாக எத்தனை ஆட்டை விரட்ட?
மிளகாய்: பறிக்க ஆளில்லை. எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போய்விடுகிறார்கள்.
மக்காச்சோளம்: கோழித்தீவனத்துக்கு லாரி வருகிறதாம். ஊர் முழுக்க அதுதான். உளுந்துக்கு ஆன கதிதான் ஆகும்.
வெள்ளைச் சோளம்: ஒருவரும் போடவில்லை. அதனாலேயே ஆசை.

திருப்பூரிலிருந்து வீட்டுக்காரர் பேசியது இன்னும் காதில். "இந்த ஒரு வெள்ளாமைதான் பாத்துக்கோ. இதுவும் போச்சுன்னா புஞ்சையத் தரிசாப் போட்டுட்டு ரெண்டு பேரும் கிளம்பி வந்திரணும்." சரி என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். போனால் மகள் செல்விக்கு ஒன்பதாவதோடு படிப்பு நிற்கும். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்ட ஆள் வேண்டும் என்று இப்போதே சொல்கிறார்.

புரட்டாசி 8, புதன்

கோ.பட்டி போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. வாங்கியது: சீயக்காய், செல்விக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், கடலைமிட்டாய் கால் கிலோ. கமிஷன் கடை அண்ணாச்சியிடம் சோளம் பற்றிக் கேட்டேன். "வரத்தே இல்லம்மா. இந்த வருஷம் சோளம் போடுதவன் காட்டுல மழைதான்." தராசுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நன்றாகத்தான் பேசுகிறார்.

ஊரில் இறங்கியதும் சுப்பையா அண்ணாச்சி. எங்கள் புஞ்சையை ஒட்டினாற்போல அவர் புஞ்சை. சோளம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஏத்தா, நீ மட்டும் போட்டா ஊருல உள்ள குருவி பூரா உன் புஞ்சையிலதான் எறங்கும். கருதுல ஒரு மணி நிக்காது."

உண்மைதான். எல்லாரும் சோளம் போட்ட காலத்தில் குருவி பரவித் தின்றது, யாருக்கும் தெரியவில்லை. தனிப் புஞ்சை என்றால் துடைத்துவிடும். பட்டா என் வீட்டுக்காரர் பேரில். என்ன விதைக்க வேண்டும் என்று சொல்வது மட்டும் ஊர். எரிச்சல்.

புரட்டாசி 10, வெள்ளி

யோசித்து யோசித்து ஒரு வழி. சுப்பையா அண்ணாச்சி வீட்டுக்கே போனேன். "நீங்களும் போடுங்க அண்ணாச்சி. என் நாலு ஏக்கர், உங்க அஞ்சு. குருவி பிரிஞ்சு திங்கும். காவலும் மாத்தி மாத்திப் பாத்துக்கிடலாம்."

அண்ணாச்சி சம்சாரம், மதினி, என் பக்கம். "அவ சொல்லுதது சரியாத்தான இருக்கு? எல்லாவனும் மக்காச்சோளம் போட்டா எவன் வாங்குவான்?"

அண்ணாச்சி ஒரு பீடியை இழுத்து முடித்து நசுக்கினார். பிறகு, "சரி தங்கச்சி. நீ போட்டா நானும் போடுதேன்."

கால் தரையில் பாவவில்லை. செல்விக்குப் பணியாரம் சுட்டேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. பூத்திலிருந்து கமிஷன் கடைக்குப் போன். "வெளி மாநிலத்துச் சோளம் லாரி லாரியா எறங்கிட்டும்மா. வெல படுத்துட்டு. தையில எப்படின்னு நான் என்னத்தச் சொல்ல?" போன புதன் 'சோளம் போடுதவன் காட்டுல மழை' என்றதும் இதே வாய்தான்.

அப்படியே திருப்பூருக்கும் போட்டேன். "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊரு போடுததப் போடு. போனா எல்லாருக்கும் சேந்து போகுது."

பயந்துவிட்டேன். ஊரோடு நஷ்டப்பட்டால் காலக்கொடுமை என்பார்கள். தனியாக நஷ்டப்பட்டால் என் திமிர் என்பார்கள்.

புரட்டாசி 15, புதன்

மக்காச்சோளம் விதை வாங்கிவிட்டேன். விதைக்கு வைத்திருந்த சோளம் சாக்கோடு அடுக்களை மூலையில். செல்வி கேட்டாள், "சுப்பையா மாமாகிட்ட சொல்லிட்டியாம்மா?"

சாயங்காலம் சொல்லத்தான் போனேன். மதினி கருப்பட்டிக் காப்பி தந்தாள். அண்ணாச்சி விதைச்சோளத்தைச் சுளகில் பரப்பிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்த மனுஷன். வெட்கம் வாயை அடைத்துவிட்டது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். நாளை சொல்லலாம்.

புரட்டாசி 16, வியாழன்

விதைத்தாயிற்று. அண்ணாச்சி வீடு பூட்டு. கடம்பூரில் கல்யாணமாம்.

புரட்டாசி 17, வெள்ளி

செல்வி பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கணக்கில் வகுப்பிலேயே முதல். திரும்பி வந்தால் தெருமுனையில் மதினி, தலையெல்லாம் புழுதி. "நாங்களும் சோளம் வெதச்சிட்டோம்லா! உன் புஞ்சையில வெதச்சிருக்கிறதப் பாத்ததும் இவிய உடனே டிராக்டரக் கூப்பிட்டுட்டாவ." சிரித்தேன். எப்படிச் சிரிக்க முடிந்தது?

புரட்டாசி 21, செவ்வாய்

இன்னும் மழை இல்லை. இன்று சொன்னாலும் அண்ணாச்சி கலைத்து உழுதுவிட்டு மாற்றி விதைக்கலாம். தினமும் இதையே நினைக்கிறேன், தினமும் வேறு தெரு வழியாகப் போகிறேன். மழை வராமல் இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். புஞ்சைக்காரி நினைக்கிற நினைப்பா?

புரட்டாசி 23, வியாழன்

நல்ல மழை. ஊரே வாசலில் நிற்கிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டு துணி மடித்தேன்.

புரட்டாசி 29, புதன்

முளைத்துவிட்டது. காலையில் போனபோது அண்ணாச்சி எங்கள் புஞ்சைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சோளமும் மக்காச்சோளமும் முளையில் ஒரே சாயல்தான், ஆனால் அவருக்குத் தெரியாதா?

"இது மக்காச்சோளம்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"எப்ப மாத்துன?"

"வெதைக்கதுக்கு ரெண்டு நா முந்தி, செவ்வாக்கெழம."

திரும்பித் தன் புஞ்சைப் பயிரைப் பார்த்தார். "புதங்கெழம வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சியே தங்கச்சி."

திட்டியிருக்கலாம். அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

கருது பால் பிடித்ததிலிருந்து அறுப்பு வரை காலையும் மாலையும் உங்கள் புஞ்சையில் குருவி விரட்ட நான் வருகிறேன் என்றேன். திருப்பூரிலிருந்து எத்தனை போன் வந்தாலும் அதுவரை அசைய முடியாது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

தட்டுவதற்கு ஒரு தகர டப்பா தேட வேண்டும்.