தூணில் ஒட்டிய கண்ணாடி

கடிதம் எண் 41
6 ஜூன் 1957, வியாழன், காலை 7.40 மணி

அன்புள்ள மனைவிக்கு,

நம் மகளின் திருமணம் சனிக்கிழமை மடாலயத் தேவாலயத்தில் நடைபெறாது. கோபுரத்தைத் தாங்கும் வடக்குத் தூணின் வெடிப்பு விரிகிறதா என்று அறிய, அதன் குறுக்கே மார்ச் 3 அன்று நான் ஒட்டிய கண்ணாடித் துண்டு இன்று உடைந்திருந்தது. அப்படியென்றால் வெடிப்பு விரிகிறது. சிறு கோபுரத்துக்கென எழுப்பிய தூண்களின்மீது 1318இல் துறவிகள் இரு மடங்கு உயரம் ஏற்றிவிட்டார்கள்.

"அறுநூறு வருஷமா நிக்குது, சனிக்கிழமை வரைக்கும் நிக்காதாய்யா?" என்றார் பாதிரியார்.

"அறுநூத்தி முப்பத்தொம்பது" என்று திருத்திவிட்டு, கட்டடப் பொறுப்பாளன் என்ற முறையில் கதவைப் பூட்டினேன்.

மாப்பிள்ளை லயனலைப் பிடிக்காததால் தடுக்கிறேன் என்பாய். பிடிக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் அதே பதினொரு மணிக்கு அனுமதி வாங்கிவிட்டேன். சாவியை மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டேன்.

இன்னமும் உன் கணவன்

இணைப்பு:
1. உடைந்த கண்ணாடி, இரு துண்டுகள்.
2. விருந்தில் நான் வாசிக்கவிருக்கும் வாழ்த்துரை. லயனலின் பெயர் நான்கு இடங்களில் வருகிறது.