பக் லேனுக்கு ஒரு பூசை

நான்டிகோக், பென்சில்வேனியா
1922 டிசம்பர், ஆகமன கால முதல் ஞாயிறு

அன்பு மகன் ததெக்குக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நீ "என்றென்றைக்கும்" என்று பதில் சொல்வாய் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. குளிர் வந்ததும் அப்பாவுக்குச் சுரங்கத்து இருமல் கூடிவிட்டது. உன் தங்கை ஹெலாவுக்குப் பட்டு மில்லில் வேலை நிலைத்துவிட்டது. பன்றியை அடித்தாயிற்று, நீ இல்லாமல் அந்த இரத்தத் தொத்திறைச்சியை யார் தின்பது என்றுதான் தெரியவில்லை.

ஆளை ஆள் முட்டிச் சாய்க்கும் அந்தப் பந்தாட்டத்தைப் பணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆடுவது கல்லூரிக்குத் தெரியக்கூடாது என்று பக் லேன் என்று பெயர் மாற்றிக்கொண்டாய். கல்லூரிக்குத் தெரிந்து உன்னை வெளியே தள்ளியும் விட்டார்கள். அப்புறமும் அந்தப் பெயர் எதற்கு என்று கேட்டதற்கு, அந்தப் பெயருக்குத்தான் கூட்டம் வருகிறது என்றாய். திக்கற்றவர்களுக்குத் துணை நிற்கும் புனித ததேயுவின் பெயரை நான் உனக்கு வைத்தேன். பக் என்றால் ஆண் மானாம், ஹெலா சொல்கிறாள். மானுக்கு மோட்சத்தில் யார் இருக்கிறார்கள், சொல்.

நவம்பரில் ஹெலா பத்திரிகை வாசித்தாள். தலையில் அடிபட்டு விழுந்த லேனை நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள், கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பி வந்து ஆடி ஜெயித்துக் கொடுத்தார், என்ன வீரம் என்று போட்டிருந்தது. முக்காடு கூடப் போடாமல் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். பூசை யாருக்கு என்று அவர் கேட்டதும் வாயில் வந்தது அந்தப் பெயர்தான். ஞாயிறன்று பீடத்திலிருந்து பக் லேனுக்காக என்று வாசித்தார், நம் போலிஷ் கோயில் முழுக்க யாரென்றே தெரியாமல் மன்றாடியது. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு மாரினா, "என்னடி பிரோனியா, லேன்னு ஒரு ஐரிஷ்காரனுக்கெல்லாம் பூசை வைக்கிற, ஹெலாவுக்கு மாப்பிள்ளை பாத்திருக்கியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தபின்தான், அந்த மன்றாட்டு உன்னிடம் வந்து சேர்ந்திருக்குமா என்ற பயம் பிடித்தது. மறுபடி போய் உன் பெயருக்கு இன்னொரு பூசை கேட்டேன்.

என்னால் பொறுக்க முடியாமல்தான் அப்பாவைப் போன வாரம் நீ ஆடும் ஒஹையோவுக்கு ரயிலேற்றினேன். திரும்பி வந்தவர் கோட்டைக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னார். ஆட்டம் முடிந்து நீ வெளியே வந்தபோது ததெக், ததெக் என்று கூப்பிட்டிருக்கிறார், நீ கடந்து போயிருக்கிறாய். லேன் என்றதும் நின்றாயாம். அப்பா முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் மரியாதையாக, "ஐயா, யாரு நீங்க, கையெழுத்து வேணுமா?" என்று கேட்டாயாம். அப்புறம் நினைவு வந்து, அப்பா என்று கட்டிக்கொண்டு விளையாட்டுக்குச் சொன்னேன் என்றாயாம். அப்பா என்னிடம், "அவன் விளையாட்டுக்குச் சொல்லலடி, அவன் கண்ணு என்னத் தேடிச்சு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. உங்கள் மேலாளரோ, பையன் சிங்கம், நாலு நாள் தூங்கினால் சரியாகிவிடும், அடுத்த ஞாயிறு இறக்குகிறேன் என்றாராம்.

மகனே, போதும் வந்துவிடு. சுரங்கத்தில் கூரை இடிந்து விழுந்தால் ஊரே தோண்டி ஆளை எடுக்கும், உன்னை எங்கே தோண்டி எடுப்பேன்? நீ வரமாட்டாய் என்றும் தெரிகிறது, இரவும் பகலும் அதுதான் என்னை அரிக்கிறது. ஆடித்தான் தீருவேன் என்றால் தலையில் அடிபடாமல் காக்கும் அந்தத் தோல் தொப்பியையாவது போட்டுக்கொள், அது கோழைகளுக்கு என்று சிரிக்காதே.

காகிதம் போன்ற நம் கிறிஸ்துமஸ் அப்பத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு முனை கிள்ளிவிட்டோம், மீதி உனக்கு. நம் மாதா உன் தலையைக் காப்பாற்றட்டும், புனித ததேயு உன்னைக் கைவிடாதிருக்கட்டும். உன் பெயர் போட்டால் அங்கே யாருக்கும் தெரியாதென்று உறையில் பக் லேன் என்றே எழுதுகிறேன். பிரிக்கும்போது இது யார் எழுதியது என்று தடுமாறினால் வெட்கப்படாதே, கீழே எல்லாம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரோனிஸ்லாவா. உன்னைப் பெற்ற அம்மா. அப்பா பெயர் வின்சென்டி. தங்கை ஹெலா. உன் பெயர் ததேயுஷ், நாங்கள் ததெக் என்று கூப்பிடுவோம்.