இடது முழங்கால்

சேசு மரி சூசை துணை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.08.1976

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

மாகிரட் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் கிருபையால் நானும் மகள் சீலாவும் சுகமாக இருக்கிறோம். கப்பலில் உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று பாலையூற்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திச் சொல்லி வைத்திருக்கிறேன். கச்சான் காற்று இந்த முறை ஆளையே தூக்குகிறது. அடுப்படிக் குசினிக் கூரையில் ஓடு கழன்று போய், அடுத்த வீட்டு ஸல்ஹாவின் புருஷன் அபூதாஹிர்தான் ஏறிப் புது ஓடு போட்டுத் தந்தார். கடலில் நல்ல சூடை மீன் படுகிறது. நீங்கள் இல்லாமல் பொரித்தால் சீலா அரைவாசிதான் சாப்பிடுகிறாள்.

இந்தக் கடிதம் பம்பாயில் உங்கள் கையில் கிடைக்கும் என்று கப்பல் கந்தோரில் சொன்னார்கள். கிடைத்ததும் முதலில் ஓர் இடத்தில் இருங்கள். நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம். உங்கள் கோபம் எனக்குத் தெரியும். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபிக்கலாம், இடையில் கோபிக்க அனுமதி இல்லை.

சீலா நிலாவெளிச் சுவாமியிடம் போய் வந்தாள். நானும் கூடப் போனேன்.

நீங்கள் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. தயாபரன் நல்ல பெடியன் என்று நீங்களே சொன்னீர்கள். அவனும் சீலாவும் துறைமுகக் கந்தோரில் ஒன்றாக வேலை செய்வதைப் பற்றியோ, அவர்கள் சைவம் என்பதைப் பற்றியோ நீங்கள் முகம் சுளிக்கவில்லை. எங்கள் கோயிலில் தாலி கட்டலாம் என்று தயாபரனின் தகப்பன் சிவகுருநாதன் ஒத்துக்கொண்டபோது எழும்பி அவர் கையைப் பிடித்தீர்கள். அதற்குப் பிறகுதானே அந்த மனுசன் வாயைத் திறந்தார். எங்கட வீட்டில சுவாமியைக் கேளாமல் ஒரு கிணறுகூட வெட்டினதில்லை, மருமகளாக வாற பிள்ளை அவரின்ர காலில விழுந்து ஆசீர்வாதம் வாங்க வேணும் என்றார். பிடித்த கையை நீங்கள் விட்ட வேகத்தில் தேத்தண்ணிக் கோப்பை சரிந்தது. என்ர மகள் வேற சமயத்துச் சாமியாரின்ர காலில விழுந்தால் அந்தக் கலியாணத்துக்கு நான் வரமாட்டன் என்று சொன்னீர்கள்.

மற்ற நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டீர்கள். எப்போதும் போலச் சீலா வாசல் படலையடியில் முழங்காலில் இருந்தாள். நீங்கள் நெற்றியில் சிலுவை போடாமல், பஸ் வருகிறதா என்று பார்த்தபடி அவளைத் தாண்டிப் போனீர்கள். அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. சந்தோஷமான கதை சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் போன பிறகு நானும் தயாபரனின் தாயும் மீன் சந்தையடியில் சந்தித்துக் கதைத்தோம். மீன் வாங்காத வீட்டுக்காரி எனக்காக அந்த மணத்தில் வந்து நின்றாள் என்றால் அவள் மனத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். பிள்ளை காலில் விழ வேண்டாம், கை கூப்பிக்கொண்டு மரியாதையாக நிற்கட்டும், மற்றதை நான் என் வீட்டுக்காரருக்குச் சொல்லிச் சமாளிப்பேன் என்றாள். சிவகுருநாதன் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. உப்பில்லாத கஞ்சி குடித்தவர் போல இருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஸல்ஹாவும் தன் தீர்ப்பைச் சொன்னாள். தலையைத் தரையில வைக்கிறது அல்லாஹ் ஒருத்தனுக்கு மட்டும்தான், மத்த ஆக்களுக்கு ஸலாமும் நல்ல சோறும் போதும் என்றாள். சீலா மட்டும் பிடி கொடுக்கவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்டால், அங்க போய்ப் பாப்பம் அம்மா என்பாள். உங்கள் மகள்தானே, வேறு எப்படி இருப்பாள்.

போன வெள்ளிக்கிழமை எல்லோரும் நிலாவெளி பஸ்ஸில் போனோம். கைப்பைக்குள் செபமாலையை வைத்து, ஒருவருக்கும் தெரியாமல் மணியை உருட்டிக்கொண்டு போனேன். அந்தச் சுவாமி பெரிய தாடியும் சடையுமாக, கண்ணை உருட்டிக்கொண்டு இருப்பார் என்று நினைத்திருந்தேன். மடத்தில் பார்த்தால் மெலிந்த சின்ன மனுசன். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது. மரக் கதிரையில் காவித் துண்டு விரித்து இருந்தார். எங்களைக் கண்டதும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்ததோ என்றுதான் முதலில் கேட்டார்.

முதலில் தயாபரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழும்பினான். அடுத்தது சீலாவின் முறை. பழத்தட்டைக் கீழே வைத்தாள். கை கூப்பினாள். அதுவரைக்கும் எல்லாம் நாங்கள் பேசி வைத்தபடிதான் நடந்தது. அந்த நேரம் சுவாமி பக்கத்துத் தட்டில் இருந்து திருநீறை விரல்களால் அள்ளி அவள் பக்கம் கையை நீட்டினார். கதிரையில் இருந்தபடி, புறங்கை மேலே தெரிய, விரலைத் தாழ்த்தி நீட்டினார். அத்தான், எங்கள் ஆயர் ஆண்டகை கை நீட்டுவாரே, அதே உயரம், அதே மாதிரி.

சின்ன வயதில் ஆண்டகையிடம் உறுதிபூசுதல் வாங்குவதற்கு முதல் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி நீங்கள் அவளுக்குப் பழக்கியது நினைவிருக்கிறதா. வலது முழங்கால் நற்கருணை ஆண்டவருக்கு, ஆண்டகைக்கு இடது முழங்கால், கையைப் பிடித்து மோதிரத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்ய வேண்டும் என்று நீங்களே ஆண்டகையாகக் கதிரையில் இருந்து கை நீட்டி, பிள்ளை பிழை விட்டால் மறுபடி மறுபடி செய்வித்தீர்கள். நான் சிரித்ததற்கு என்னையும் ஏசினீர்கள். அந்தப் பழக்கம் அவள் எலும்பில் ஊறிப் போய்க் கிடந்திருக்கிறது. பயந்து போய் நின்ற பிள்ளை, நீட்டிய கையைக் கண்டதும் யோசிக்கவே இல்லை. இடது முழங்கால் நிலத்தில் விழுந்தது. சுவாமியின் கையை இரண்டு கையாலும் பிடித்து முத்தி செய்துவிட்டாள்.

நான் கைப்பைக்குள் செபமாலையை இறுக்கிப் பிடித்தேன். அந்தச் சுவாமியை எந்தப் பெண்ணும் தொடுவதில்லையாம். சிவகுருநாதன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். தயாபரனின் தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். சீலா நிமிர்ந்தபோது உதட்டிலும் மூக்கு நுனியிலும் திருநீறு ஒட்டிக் கிடந்தது. சரி, கலியாணம் இன்றைக்கே முடிந்தது என்று நான் நினைத்தேன். அழுகையும் வந்தது, அவள் மூக்கைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றேன்.

சுவாமி தன் கையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்த ஊர் வழக்கம் பிள்ளை என்று கேட்டார். சீலா அழுகிற குரலில், எங்கட ஆண்டகைக்கு இப்பிடித்தான் செய்யிறனாங்கள் சுவாமி, அப்பா பழக்கினவர், யோசியாமல் செய்துபோட்டன், மன்னிக்க வேணும் என்றாள். அப்ப இண்டைக்கு எனக்கு ஆண்டகை உத்தியோகம் கிடைச்சிட்டுது என்று சொல்லி அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணாடி நூலோடு மடியில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் தயாபரனின் தாய் வாயில் இருந்து சேலைத் தலைப்பை எடுத்தாள்.

ஏன் ஒரு முழங்கால் மட்டும் என்று அவர் கேட்டார். மற்றது கடவுளுக்கு என்றாள் சீலா. அது சரி, அதை எனக்குத் தராதை, ஒருத்தருக்கும் குடுக்காதை என்றார் அவர். பிறகு நெற்றியில் திருநீறு பூசட்டோ என்று கேட்டார். பூசாமல் கேட்டார், அத்தான், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். சீலா தலையைக் குனிந்து, நெத்தி அப்பா சிலுவை போடுற இடம் சுவாமி என்றாள். அவர் ஒரு பூவரசம் இலையில் திருநீறை மடித்து அவள் கையில் வைத்து, அப்பாவைக் கேட்டதாகச் சொல்லு என்றார். அந்த இலை அலுமாரியில் இருக்கிறது.

பிறகு, பெண் கை பட்டதால், மடத்து ஒழுங்குப்படி அவர் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். சாப்பாடு ஆறிப் போனது. சீலாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. ஈர வேட்டியோடு வந்தவர், வெயிலுக்கு நல்லாய்த்தான் இருக்குது, பிள்ளைக்குப் புண்ணியம் என்றார். கத்தரிக்காய்க் கறி நல்ல ருசி. நான் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கப்படவில்லை.

வெளிக்கிடும்போது அவர் சிவகுருநாதனைக் கூப்பிட்டு, பிள்ளை தங்கட பெரியவருக்குக் குடுக்கிற மரியாதையை எனக்குத் தந்தவள், நீர் அவையின்ர பெரியவருக்கு என்ன குடுக்கப் போறீர் என்று கேட்டார். மனுசன் திரும்பி வரும் வழி முழுக்கத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறேன், படலையடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆண்டகை திருநாளுக்கு வந்தால் அவருக்கு முன்னால் எப்படி நிற்பது என்று பழக்க வேண்டுமாம். சீலா முற்றத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். முதல் தடவை வலது முழங்காலை வைத்தார், அது கடவுளுக்கு மாமா என்று அவள் திருத்தினாள். இரண்டாம் தடவை இடது முழங்காலைச் சரியாக வைத்தார், ஆனால் எழும்ப ஏலாமல் போய்விட்டது. அபூதாஹிர் வேலியால் பாய்ந்து வந்து தூக்கிவிட்டார். இதுக்குத்தான் சொன்னன் ஸலாம் போதுமெண்டு என்று ஸல்ஹா சிரித்த சிரிப்பு துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். சிவகுருநாதனும் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பங்குக் குரு தம்பிராசா சுவாமியாரிடமும் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமோ என்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மரியாதைக்கும் முழங்கால் மடங்கும், ஆராதனைக்கும் மடங்கும், பிள்ளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது, மோதிரம் இல்லாத கையை முத்தி செய்ததுதான் ஒரே பிழை என்றார். கலியாணத்துக்கான ஆண்டகையின் அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. ஐப்பசி மாதம், மாரி பிடிப்பதற்குள் வைப்போம் என்று எல்லோரும் பேசியிருக்கிறோம். நிலாவெளிச் சுவாமியும் கோயிலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன் வாங்கில் இடம் விடுவதாக எங்கள் சுவாமியார் சொன்னார்.

இப்போது கோபிக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். அவள் காலில் விழவில்லை. நீங்கள் பழக்கியதைத்தான் செய்தாள். குற்றம் என்றால் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் இருந்த ஆண்டகையைத்தான் பிடிக்க வேண்டும்.

நான் எழுதமாட்டேன் என்று சொன்னதை இனி எழுதுகிறேன். நீங்கள் போன நாளில் இருந்து சீலா என் முன்னால் அழவில்லை. கந்தோருக்குப் போகிறாள், தையல்காரியிடம் போகிறாள், ஸல்ஹாவோடு பகிடி விடுகிறாள். ஆனால் பின்னேரம் செபமாலை முடிந்ததும் என்னிடம் சிலுவை வாங்கிக்கொண்டு, பிறகு உங்கள் கதிரைக்கு முன்னால் போய் முழங்காலில் இருக்கிறாள். முதல் நாள் கண்டபோது நான் குசினிக்குள் போய் நின்றுவிட்டேன். இப்போது பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி விளக்கைத் துடைக்கப் போய்விடுகிறாள்.

கப்பல் ஐப்பசிக்குள் கொழும்புக்கு வரும் என்று கந்தோரில் சொன்னார்கள். தேவமாதா உங்களைக் காற்றிலும் கடலிலும் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவள் நெற்றியை உங்களுக்காக வைத்திருக்கிறாள். கதிரைக்குச் சிலுவை போடத் தெரியாது, அத்தான். வந்துவிடுங்கள்.

என்றும் உங்கள்,
மாகிரட்